காலந்தாழ்ந்த பணிக்கொடையும் அதன் வட்டிக்குரிய வரியும்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவார்கள், சமுதாயத்தின் எழுச்சியைப் பேசுவார்கள். யாமோ வரியைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டோம். விழாக்குழுவினர் இப்பொருளைக் கூறியபோது சிலர் நகைத்தனர் என்றும் அறிவோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இச்சங்கம் தோன்றிய நாளில் இதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பணியில் இருந்தனர். ஆசிரியர், அலுவலக உதவியாளர், காவலர், தூய்மைப் பணியாளர், மின்வாரிய ஊழியர் என மாதச் சம்பளத்தை முதன்முதலாகக் கண்ட தலைமுறை அது. அத்தலைமுறை இன்று ஓய்வு பெற்றுவிட்டது. பெறாதவர்களும், எம்மைப் போல, வாயிற்படியில் நிற்கின்றனர். நிலமும் வீடும் முன்னோர்வழி வராத குடும்பங்களுக்குப் பணிக்கொடை என்பது முப்பது ஆண்டு உழைப்பின் ஒரே முதலாகும். அம்முதல் ஐந்தாண்டு, ஆறாண்டு கழித்து வருமாயின், அதனோடு வரும் வட்டியை என் செய்வது, அதற்கு வரி உண்டா, எவ்வளவு, எப்போது என்பவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில், ஏன் தாமதம் நேர்கிறது என்பதைப் பார்ப்போம். ஓய்வு பெறும் நாளுக்கு முன்னரே ஓய்வூதியக் கருத்துருக்கள் மாநிலக் கணக்காயருக்குச் சென்றிருத்தல் வேண்டும். பணிப்பதிவேட்டில் ஒரு பதவி உயர்வு பதியப்படாமை, ஊதிய நிர்ணயத்தில் தணிக்கைத் தடை, எங்கோ ஒரு விடுப்புக் கணக்கு விடுபட்டமை, ஒழுங்கு நடவடிக்கை நிலுவை ஆகிய இவை எல்லார்க்கும் பொதுவான காரணங்கள். நம்மவர்க்கு மட்டும் உரிய காரணம் ஒன்று உண்டு. அது சாதிச் சான்றிதழின் மெய்த்தன்மை ஆய்வு. 1994-ஆம் ஆண்டு மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, சான்றிதழ்களைச் சரிபார்க்கக் குழுக்கள் அமைந்தன. போலிச் சான்று கொண்டு நம் இடத்தைக் கவர்வோரைத் தடுக்க எழுந்த நெறி அது; அதனை யாம் குறை கூறவில்லை. ஆனால் பணியில் சேர்ந்தபோது கொடுத்த சான்றினை முப்பது ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்து, ஓய்வு பெறும் மாதத்தில் ஆய்வுக்கு அனுப்பி, அறிக்கை வரும்வரை பணிக்கொடையை நிறுத்தி வைத்தால் அதற்கு என்ன பெயர் இடுவது? தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வரும், பணிக்கொடை வாராது, மகள் திருமணமோ காத்திராது. நூற்றுக்கு மூன்று வட்டியில் கடன் வாங்குவார். ஆண்டுக்கு நூற்றுக்கு 36 அவர் கொடுப்பது. வழக்காடி வென்றபின் அவர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் 6 அல்லது 7.

இந்த வட்டி எவ்வாறு உரிமையாயிற்று என்பதனையும் சுருங்கக் கூறுதல் தகும். ஓய்வூதியம் அரசு இரங்கி அளிக்கும் கொடையன்று, ஊழியரின் சொத்துரிமை என்று 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1984 டிசம்பரில் கேரள அரசு தொடுத்த பத்மநாபன் நாயர் வழக்கில் இன்னும் ஒருபடி மேற்சென்றது. அவ்வழக்கின் ஊழியர் 1973 மே மாதத்தில் ஓய்வு பெற்றார். அவர்க்குரிய தொகைகள் 1975 ஆகஸ்டில்தான் தீர்ந்தன. தாமதத்திற்குக் காரணம் யாது? கருவூலத்திலிருந்து கடைசி ஊதியச் சான்று வாராமை! அதாவது ஓர் அரசு அலுவலகம் மற்றோர் அரசு அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டிய ஒரு தாள். குற்றமுள்ள தாமதத்திற்குச் சந்தை வட்டி வீதத்தில் தண்ட வட்டி கொடுத்தல் வேண்டும், ஓய்வு பெற்ற நாளிலிருந்து இரண்டு மாதம் கழிந்தவுடன் அப்பொறுப்புத் தொடங்கும் என்று நீதிமன்றம் கூறிற்று. அவர் பெற்றதோ 6 விழுக்காடுதான். கீழ்நீதிமன்றம் அதற்குமேல் அளிக்கவில்லையே என்று உச்ச நீதிமன்றமே வருந்தியது. 2008-இல் எஸ்.கே. துவா வழக்கில், வட்டிக்கென விதியே இல்லாவிடினும் அரசியலமைப்பின் 14, 19, 21 ஆகிய பிரிவுகளின் அடிப்படையில் ஓய்வு பெற்றவர் வட்டி கோரலாம் என்றும் கூறப்பட்டது.

விதிகளும் இல்லாமற் போகவில்லை. 1978-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் காலந்தாழ்ந்த பணிக்கொடைக்கு வட்டியளிக்க இடம் உண்டு. மத்திய அரசு ஊழியர்க்கு 1972-ஆம் ஆண்டு விதிகளிலும், அவற்றின் இடத்தில் வந்த 2021-ஆம் ஆண்டு விதிகளிலும், பொது வருங்கால வைப்பு நிதிக்குரிய வட்டி வீதமே இதற்கும் கூறப்பட்டுள்ளது. தனியார் நிறுவனங்களில் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் தொகை கொடுத்தல் வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு தனி வட்டி என்பது 1987 முதல் நடைமுறை. தனியார் பள்ளி ஆசிரியர்களும் இச்சட்டத்துள் அடங்குவர் என்று 2009-இல் திருத்தம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பெற்றது.

இனி வரிக்கு வருவோம். ஒரு முன்னுரை தேவை. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. நாம் கூறும் பிரிவு எண்களும் படிவ எண்களும் பழைய சட்டத்தின் எண்கள். 2026 மார்ச் 31 வரை பெற்ற தொகைகளுக்கு அவையே பொருந்தும். புதிய சட்டத்தில் எண்கள் மாறின. நெறி பெரிதும் மாறவில்லை.

ஓய்வு பெறுபவர் கையில் வரும் தொகை ஒன்றாகத் தோன்றினும், வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அது பல தொகைகள். அரசு ஊழியர் பெறும் பணிக்கொடை முழுவதற்கும் வரி இல்லை. அது 10(10) பிரிவு. ஓய்வின்போது ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பெறும் தொகைக்கும் அவர்க்கு வரி இல்லை. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டித் தொகுத்துப் பெறும் தொகைக்கும் வரி இல்லை. (அரசுப் பணியில் இல்லாதவர்க்குப் பணிக்கொடையில் 20 லட்சம், விடுப்புத் தொகையில் 25 லட்சம் என உச்சவரம்பு உண்டு.) மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் சம்பளத்தைப் போன்றே வரிக்குரியது. இவையெல்லாம் பெரும்பாலோர் அறிந்தவை. அறியாதது வட்டியின் நிலை.

"பணிக்கொடைக்கு வரி இல்லையாயின், அதன் வட்டிக்கு எப்படி வரி வரும்? மரம் நம்முடையது என்றால் கனியும் நம்முடையதுதானே?" என்று எம்மிடம் கேட்டவர் பலர். கேள்வி நியாயமானதே. ஆனால் சட்டம் வேறு வகையாகப் பார்க்கிறது. பணிக்கொடை உழைப்பிற்குரியது. வட்டியோ, நம் பணத்தை நாம் பயன்படுத்த முடியாதவாறு பிறர் வைத்திருந்ததற்குரியது. 1964-இல் சாம்லால் நருலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை நிலைநாட்டியது. அது நிலம் கையகப்படுத்திய இழப்பீட்டைப் பற்றிய வழக்கு. இழப்பீடு முதலாயினும், அது காலந்தாழ்ந்தமைக்குத் தரும் வட்டி வருமானமே, வரிக்குரியதே என்பது தீர்ப்பு. அந்நெறியைக் கொண்டுதான் காலந்தாழ்ந்த பணிக்கொடையின் வட்டியும் "பிற இனங்களிலிருந்து வரும் வருமானம்" என்னும் தலைப்பில் வைக்கப்படுகிறது.

இதற்கு மாறாக வாதிட இடமே இல்லையா என்றால், உண்டு. கோவிந்த சௌத்ரி என்னும் ஒப்பந்ததாரர் வழக்கில், 1993-இல் வெளியான தீர்ப்பு, வேலைக்குரிய தொகை காலந்தாழ்ந்தமைக்காகப் பெற்ற வட்டி அவ்வேலைத் தொகையின் தன்மையையே பெறும் என்றது. வட்டி முதலின் நிறத்தை எடுத்துக்கொள்ளும் என்பது அதன் கருத்து. விபத்து இழப்பீட்டின் வட்டியைப் பற்றி 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் ரூபேஷ் ரஷ்மிகாந்த் ஷா வழக்கில், தீர்ப்பு நாள் வரையிலான வட்டி வருமானமன்று எனக் கூறியது. இவ்விரண்டையும் கைக்கொண்டு, வரியில்லாப் பணிக்கொடையின் வட்டிக்கும் வரியில்லை என்று வழக்குரைஞர் ஒருவர் வாதிடலாம், வெல்லவும் கூடும். ஆனால் அறுபத்தைந்து வயதில், பணிக்கொடைக்காக ஒரு வழக்கை நடத்தி முடித்தவர், வட்டியின் வரிக்காக இன்னொரு வழக்கை மேற்கொள்வது எம் கருத்தில் நல்வழியன்று. வட்டியைக் கணக்கில் காட்டுங்கள். மறைப்பதால் பயனும் இல்லை. பணம் கொடுத்த அலுவலகம் வரி பிடித்திருந்தால் அது நம் பான் எண்ணின் கீழ் முன்னரே பதிவாகியிருக்கும்.

மாநில அரசு தாமதம் செய்கிறது. நீதிமன்றம் அதற்குத் தண்டமாக வட்டி விதிக்கிறது. அத்தண்டத்தில் மத்திய அரசு பங்கு கேட்கிறது. இந்த அரசு வேறு, அந்த அரசு வேறு என்பர். நம் பையிலிருந்து போகும்போது இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

அடுத்து, எந்த ஆண்டில் வரி? ஆறாண்டு வட்டியை ஆறு ஆண்டுகளுக்கும் பகிர்ந்து கணக்கிடலாமா? 1990-இல் ராமாபாய் வழக்கில், இழப்பீட்டின் வட்டி ஆண்டுதோறும் சேர்வதாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அது மக்களுக்கு நன்மையான நெறி. 2009-ஆம் ஆண்டின் இரண்டாம் நிதிச் சட்டம் அதனை மாற்றி, இழப்பீட்டு வட்டி பெற்ற ஆண்டின் வருமானமே என்று விதித்தது; ஈடாக அவ்வட்டியில் பாதியைக் கழித்துக்கொள்ள 57(4) பிரிவு இடம் தந்தது. நம் பணிக்கொடை வட்டியும் பெற்ற ஆண்டிலேயே கணக்கிற்கு வருகிறது. அப்படியாயின் பாதிக் கழிவு நமக்கும் உண்டா? அச்சலுகையின் சொற்கள் "இழப்பீடு அல்லது மிகுத்த இழப்பீட்டின் மீதான வட்டி" என்பன. நிலம் இழந்தோரை எண்ணி எழுந்தவை. தாமதத்திற்கு ஈடாக வருவதும் இழப்பீடே என்று கூறிக் கழிவு கோருவோர் உண்டு. வரி அதிகாரி அதனை ஏற்பார் என்று நம்பிச் செலவு செய்துவிடாதீர்கள். தகுதிவாய்ந்த தணிக்கையாளரைக் கலந்து முடிவெடுங்கள்.

ஒரே ஆண்டில் குவிவதால் விளையும் இடர் யாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினால் விளங்கும். பணிக்கொடை 10,00,000 ரூபாய், தாமதம் ஆறாண்டு, வட்டி 6 விழுக்காடு எனக் கொள்வோம். ஆண்டுக்கு 60,000 வீதம் 3,60,000 ரூபாய் வட்டி 2025-26 நிதியாண்டில் கைக்கு வருகிறது. ஓய்வூதியம் மாதம் 30,000. ஆண்டிற்கு அதுவும் 3,60,000. இவர் பழைய வரிமுறையில் இருந்தால், ஓய்வூதியத்தில் 50,000 நிலைக்கழிவு போக 3,10,000, வட்டியோடு 6,70,000. அறுபது வயதைக் கடந்தவர்க்கு முதல் 3,00,000-க்கு வரி இல்லை. அடுத்த 2,00,000-க்கு 10,000. எஞ்சிய 1,70,000-க்கு 34,000. 4 விழுக்காடு மேல்வரியும் சேர்த்து 45,760 ரூபாய். அவ்வட்டி ஆண்டுதோறும் 60,000 ஆக வந்திருந்தால், மொத்த வருமானம் 5,00,000-க்குள் நின்று ஒரு காசும் வரி வந்திராது. உரிய காலத்தில் கொடுக்காதவர் செய்த தாமதமே 45,760 ரூபாய் வரியையும் உண்டாக்கிற்று என்பதைக் காண்க.

அவரே புதிய வரிமுறையில் கணக்கிட்டால் என்னாகும்? நிலைக்கழிவு 75,000. மொத்த வருமானம் 6,45,000. 2025-26 நிதியாண்டில் 12,00,000 வரை வருமானமுள்ள உள்நாட்டு வாசிக்கு 87ஏ பிரிவுத் தள்ளுபடியால் வரி இல்லை. ஆக, வரி சுழி! ஒரே மனிதர், ஒரே பணம். ஒரு முறையில் 45,760, மறுமுறையில் ஒன்றுமில்லை. வணிக வருமானம் இல்லாத ஓய்வூதியர் ஆண்டுதோறும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வட்டி வரும் ஆண்டில் இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இங்கே நம்மவர் பெரிதும் இழப்பது வேறொரு வழியில். வட்டி கொடுக்கும் அலுவலகம் 194ஏ பிரிவின்படி 10 விழுக்காடு வரியைப் பிடித்துக்கொண்டே கொடுக்கும். வங்கி அல்லாதவர் கொடுக்கும் வட்டிக்கு இதன் வரம்பு ஆண்டிற்கு 5,000 ரூபாயாக இருந்து, 2025 ஏப்ரல் முதல் 10,000 ஆயிற்று. மேற்கூறியவர்க்கு 36,000 ரூபாய் பிடிக்கப்படும். பான் எண் கொடுக்கத் தவறினால் 20 விழுக்காடு, அதாவது 72,000. "எனக்கு வரியே இல்லையாமே, பின் ஏன் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்?" என்று அவர் வாளாவிருந்தால் அத்தொகை திரும்பாது. கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். அறுபது வயதைக் கடந்தவர், வரி ஏற்படாது என்பது முன்னரே தெரிந்தால், பணம் பெறுமுன் 15எச் படிவம் கொடுத்துவிடலாம், வரி பிடிக்கமாட்டார்கள். பணம் பெற்று வழங்கும் அலுவலர் சிலர்க்கு இப்படிவத்தைப் பற்றித் தெரியாது. நாமே எடுத்துச் சென்று, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்குதல் நலம்.

மற்றொன்று. சில அலுவலகங்களில் பணிக்கொடை, வட்டி, ஓய்வூதிய நிலுவை யாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே தொகையாக வங்கிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இது தீராத தலைவலி. வரியில்லாத பணிக்கொடை எவ்வளவு, பிற இனமாகிய வட்டி எவ்வளவு, சம்பள இனமாகிய ஓய்வூதிய நிலுவை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்குத்தாள் ஒன்றை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். இப்பிரிவினை ஏன் இன்றியமையாதது எனின், ஓய்வூதிய நிலுவைக்கு உள்ள நிவாரணம் வட்டிக்கு இல்லை. நிலுவையாக வந்த ஓய்வூதியம் முந்தைய ஆண்டுகளுக்குரியதாயின், 89-ஆம் பிரிவின்கீழ் நிவாரணம் உண்டு. நிலுவையைச் சேர்த்தும் சேர்க்காமலும் இவ்வாண்டு வரியைக் கணக்கிட வேண்டும். அவ்வாறே உரிய முந்தைய ஆண்டுகளின் வரியையும் கணக்கிட வேண்டும். மிகுதியாக நிற்கும் சுமை கழிக்கப்படும். இதற்கு 10இ படிவத்தை, வருமானக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்னரே, இணையத்தில் அளித்தல் வேண்டும். கணக்கை மட்டும் அளித்துப் படிவத்தை விட்டவர்களுக்கு நிவாரணம் மறுக்கப்பட்டு, வரி கட்டுமாறு அறிவிப்பு வருகிறது. கடிதத்தைக் கண்டு அஞ்சி, யாரோ ஓர் இடைத்தரகரிடம் ஐயாயிரம் பத்தாயிரம் கொடுப்போரும் உளர்.

மூத்த குடிமக்கள் பழைய முறையில் வட்டி வருமானத்தில் 50,000 வரை கழிக்கலாம் என்னும் 80டிடிபி சலுகையை இதற்குக் காட்டலாமா என்று சென்ற மாதம் ஒரு தலைமையாசிரியர் கேட்டார். இயலாது. அது வங்கி, கூட்டுறவு வங்கி, அஞ்சலகம் ஆகியவற்றில் இட்ட வைப்புகளின் வட்டிக்கே உரியது. பணிக்கொடையை நாம் அரசிடம் வைப்பாக இடவில்லை, அரசுதான் வைத்துக்கொண்டது! அதுபோலவே, பணிக்கொடை வாராமையால் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினேனே, அவ்வட்டியைக் கழிக்கலாமா என்றால், அதற்கும் இடமில்லை. இவ்வருமானத்தை ஈட்டுவதற்கென்றே செய்த செலவாக இருந்தாலன்றிச் சட்டம் ஏற்காது. மகள் திருமணக் கடன் அதில் அடங்காது. இச்சங்கத்தின் சார்பில் அரசுக்கு விண்ணப்பம் ஒன்று அனுப்புவதாயின், 89-ஆம் பிரிவின் நிவாரணத்தை ஓய்வுப் பயன்களின் தாமத வட்டிக்கும் விரிவாக்குமாறு கேட்பதே தலையாய கோரிக்கையாதல் வேண்டும் என்பது எம் கருத்து.

தாய்மார்கள் மிகுதியாக வந்துள்ளீர்கள். ஊழியர் இறந்து மனைவி பெறும் பணிக்கொடைக்கும் வரி இல்லை. அதன் வட்டி, பெற்றவர் கணக்கில் பிற இன வருமானம். வாரிசுகள் மூவர் பகிர்ந்து பெற்றால் மூவரும் தத்தம் பங்கைத் தனித்தனியே காட்டுதல் வேண்டும். ஒருவர் தலையில் முழுவதையும் ஏற்றிவிடலாகாது. குடும்ப ஓய்வூதியமும் பிற இன வருமானமே. எனவே 75,000 நிலைக்கழிவு அதற்கு இல்லை. மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000, இவற்றில் குறைந்தது கழியும். புதிய முறையில் 2024-25 நிதியாண்டு முதல் 15,000-க்குப் பதில் 25,000. ஆனால் குடும்ப ஓய்வூதியம் நிலுவையாக வந்தால் 89-ஆம் பிரிவு நிவாரணம் விதவையர்க்கும் உண்டு. இதனைப் பலர் அறியார். அலுவலகத்தார் கூறுவதும் அரிது.

அவைத்தலைவர் அவர்கள் நேரம் முடிந்ததெனக் குறிப்பு அனுப்பியுள்ளார்கள். பணிப்பதிவேட்டில் பிறந்த நாள், பணிக்கால இடைவெளி, சாதிச் சான்று மெய்த்தன்மை ஆணை ஆகிய மூன்றும் பதிவாகியுள்ளனவா என்று பார்க்க ஓய்வு பெறும் மாதம் வரை காத்திராதீர்கள். ஐம்பது வயதிலேயே பாருங்கள். 15எச், 10இ ஆகிய படிவங்களின் மாதிரிகளும், யாம் கூறிய கணக்கின் தட்டச்சுப் படியும் நூலக வாயிலருகில் உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன. வட்டி வழக்கு நடத்தியவர்கள் தங்கள் தீர்ப்பின் நகலையும் பணம் வழங்கிய ஆணையையும் உணவு இடைவேளையின்போது கொண்டுவந்தால், இருந்து பார்த்துத் தருவோம்.